குளிர்முறைச் சோப்பில் ஆமணக்கெண்ணெய்

மும்பை மாநகரின் நடுவிலுள்ள தாராவியில் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். அவர்களுக்கு அருகிலேயே, கும்பார்வாடா என்னும் பகுதியில், சௌராஷ்டிரத்திலிருந்து வந்து குடியேறிய குயவர்கள் தொழில் செய்து வருகின்றனர். ஆமணக்கு விதையிலிருந்து பெறப்படும் எண்ணெயைத் தமிழர் விளக்கெண்ணெய் என்பர். குஜராத்தியர் அதனைத் திவேல் என்பர். அச்சொல்லின் பொருளும் விளக்குக்குரிய எண்ணெய் என்பதே. மராத்தியர் எரண்டேல் என்பர். மூன்று மொழியினரும் ஒரே சந்தில் வாங்கும் இவ்வெண்ணெய் இன்று விளக்கெரிப்பதற்கு அரிதாகவே பயன்படுகிறது. ஆயினும் சோப்புத் தொழிலில் இதற்கு ஒரு தனியிடம் உண்டு.

தாராவியில் சிறு சோப்புக் கூடங்கள் நெடுங்காலமாக இயங்கி வருகின்றன. மராத்தியில் பசத் கட் எனப்படும் மகளிர் சுய உதவிக் குழுக்களும், ஓய்வு நேரத்தில் கைத்தொழில் பயிலும் இல்லத்தரசிகளும் இப்பொழுது குளிர்முறையில் குளியல் சோப்புச் செய்யும் பயிற்சியை நாடுகின்றனர். இம்முறைக்கு உலை வேண்டா. பெரிய கொப்பரை வேண்டா. சிறிய இடமே போதும். ஆனால் இதில் கையாளப்படும் எரிசோடா கண்ணையும் தோலையும் அழிக்கவல்ல கடுங்காரமாகும். கணக்குச் சிறிது பிழைத்தாலும் அக்காரம் சோப்பிலேயே எஞ்சி நின்று, குளிப்பவரின் தோலைப் புண்ணாக்கும். ஆகவே பயிற்சி அளிக்கும் களப்பணியாளரும், பள்ளியில் இதனைச் செய்து காட்டும் ஆசிரியரும், ஒவ்வோர் எண்ணெயின் இயல்பையும் அதற்குரிய கார அளவையும் ஐயமின்றி அறிந்திருத்தல் இன்றியமையாதது. அவற்றுள் ஆமணக்கெண்ணெயைப் பற்றிய செய்திகள் இங்குத் தொகுத்துக் கூறப்படுகின்றன.

ஆமணக்கும் அதன் எண்ணெயும்

ஆமணக்கு உற்பத்தியில் உலகில் இந்தியாவே முதலிடம் வகிக்கிறது. நாட்டின் விளைச்சலில் பெரும் பகுதி குஜராத்திலிருந்து கிடைக்கிறது. தமிழ்நாட்டில் சேலம், நாமக்கல் வட்டாரங்களில் இது மானாவாரியாகப் பயிரிடப்படுகிறது; சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்குமென ஓர் ஆராய்ச்சி நிலையம் உள்ளது.

ஆமணக்கு விதையில் ரிசின் என்னும் கொடிய நச்சுப் புரதம் உண்டு. இது நீரில் கரைவது, எண்ணெயில் கரையாதது. எனவே விதையை ஆட்டும்பொழுது நஞ்சு பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. முறைப்படி சூடாக்கி வடிகட்டிய எண்ணெயில் அது இராது. ஆயினும் வீட்டில் விதையை இடித்தோ அரைத்தோ எண்ணெய் எடுக்க முயலுதல் கூடாது. அதன் பிண்ணாக்கு வயலுக்கு நல்ல எரு. மாட்டுக்குத் தீவனம் அன்று. பயிற்சிக்கு வருவோரிடம் இவ்விரு செய்திகளையும் முதலிலேயே கூறிவிடவேண்டும்.

ஏனைய எண்ணெய்களிலிருந்து ஆமணக்கெண்ணெயைப் பிரித்துக் காட்டுவது அதிலுள்ள ரிசினோலீக் அமிலமாகும். இவ்வெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் நூற்றுக்கு 85 முதல் 90 பங்கு வரை இவ்வமிலமே. இதன் மூலக்கூறு 18 கரியணுக்களைக் கொண்ட நீண்ட சங்கிலி. அளவில் இது நல்லெண்ணெய், கடலை எண்ணெய் ஆகியவற்றிலுள்ள ஒலீயிக் அமிலத்தை ஒத்ததே. ஆனால் இச்சங்கிலியின் 12-ஆம் கரியணுவில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி கூடுதலாக அமைந்துள்ளது. ஹைட்ராக்சில் தொகுதி நீரை நாடும் இயல்புடையது; நீரின் மூலக்கூறிலும் சாராயத்தின் மூலக்கூறிலும் உள்ளது அதுவே. எண்ணெயின் சங்கிலியில் நீரை நாடும் ஓர் இடம் அமைந்தமையால்தான் ஆமணக்கெண்ணெய் பிற எண்ணெய்களினின்றும் பலவகையில் வேறுபடுகிறது.

முதலாவதாக, இது மிகக் குழகுழப்பானது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால், சாதாரணச் சமையல் எண்ணெய்களைவிட ஏறக்குறையப் பத்து மடங்கு பாகுத்தன்மை கொண்டது. இரண்டாவதாக, இது கனமானது. 100 மில்லிலிட்டர் தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 92 கிராம் நிற்க, அதே அளவு ஆமணக்கெண்ணெய் 96 கிராம் நிற்கும். மூன்றாவதாக, இது சாராயத்தில் கரையும். பிற தாவர எண்ணெய்கள் அவ்வாறு எளிதில் கரைவதில்லை. இம்மூன்றாம் இயல்பு கலப்படத்தைக் கண்டறிய உதவுவதைப் பின்னர்க் காணலாம்.

சோப்பில் அது செய்யும் வேலை

எண்ணெய் என்பது கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் சேர்ந்த பொருள். எரிசோடாவுடன் சேரும்பொழுது அது பிரிந்து, கொழுப்பு அமிலத்தின் சோடிய உப்பாகிய சோப்பும், தனிக் கிளிசரினும் உண்டாகின்றன. எண்ணெயின் இவ்வமைப்பைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ந்து தெளிவுபடுத்தியவர் பிரெஞ்சு இரசாயனி செவ்ரல் ஆவார். பெரிய ஆலைகளில் உப்பிட்டுச் சோப்பைப் பிரித்துக் கிளிசரினைத் தனியே எடுத்துவிடுவர். குளிர்முறையில் அது சோப்பிலேயே தங்கும். ஒரு கிலோகிராம் எண்ணெயிலிருந்து உண்டாகும் கிளிசரின் 100 கிராமுக்கும் மேற்பட்டது. குளிர்முறைச் சோப்பு தோலுக்கு இதமாயிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சோப்பின் குணம் எந்த அமிலத்தின் உப்பு அது என்பதைப் பொறுத்தது. தேங்காயெண்ணெயில் பாதியளவு லாரிக் அமிலம் உள்ளது. அதன் சோப்பு கடினமானது; விரைவில் பெருநுரை தரும்; ஆனால் அந்நுரை விரைவில் அடங்கும்; அளவு மிகுந்தால் தோலை வறளச் செய்யும். பாமாயிலின் பால்மிட்டிக் அமிலம் கட்டிக்கு உறுதியும் நீடித்த உழைப்பும் தரும், நுரை சிறிதே. தவிட்டெண்ணெய், நல்லெண்ணெய் போன்றவை மென்மை தரும், கட்டி இளகும்.

ஆமணக்கெண்ணெயின் சோப்பைத் தனியே செய்தால் அது ஒட்டும் தன்மையுள்ளதாய், ஒளி ஊடுருவுவதாய், நீரில் மிக எளிதாகக் கரைவதாய் இருக்கும். அது தானாகப் பெருநுரை தருவதில்லை. ஆனால் பிற எண்ணெய்களுடன் சிறிதளவு சேரும்பொழுது, தேங்காயெண்ணெய் எழுப்பிய நுரையை அடங்கவிடாது தாங்கி நிற்கும். நுரைக்குமிழி என்பது மெல்லிய நீர்ப்படலமே. அப்படலத்திலிருந்து நீர் வடிந்தால் குமிழி உடையும். நீரை நாடும் ஹைட்ராக்சில் தொகுதியுள்ள சோப்பு அப்படலத்தில் கலந்திருக்கையில் நீர் வடிவது தாமதப்படுகிறது, குமிழி நீடிக்கிறது, நுரை பாலாடைபோல் நெருங்கி அமைகிறது. நுரையைப் பிறப்பிப்பது தேங்காயெண்ணெய், பேணுவது ஆமணக்கெண்ணெய் என்று மாணவருக்குச் சுருங்கக் கூறலாம். ஒளி ஊடுருவும் சோப்பு வகைகளில் இவ்வெண்ணெய் சேர்க்கப்படுவதும் அதன் கரையும் இயல்பு பற்றியே.

எவ்வளவு சேர்க்கலாம்?

மொத்த எண்ணெயின் எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை போதுமானது. 15 பங்கைத் தாண்டினால் கட்டி இளகிப் பிசுபிசுக்கும். சோப்புப் பெட்டியில் கரைந்து ஓடும். அச்சிலிருந்து எடுப்பதும் கடினம். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றில் ஈரம் மிகுதி. கிளிசரினும் ரிசினோலீக் சோப்பும் அவ்வீரத்தை இழுத்துக்கொள்வதால் கட்டியின் மேல் பனித்துளிபோல் நீர் அரும்பும். ஆகையால் மழைக்காலத்தில் 5 அல்லது 6 பங்கோடு நிறுத்திக்கொள்ளுதல் நலம்.

ஆமணக்கெண்ணெய் உண்ணும் எண்ணெய் அன்று என்பதும் கருதத்தக்கது. 1934-இல் வார்தாவில் ஜே. சி. குமரப்பாவைச் செயலாளராகக் கொண்டு அமைந்த அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கமும், 1957-இல் மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த கதர் கிராமத் தொழில் ஆணையமும் கிராம எண்ணெய்த் தொழில்களுக்கு ஊக்கமளித்தன. வேம்பு, புங்கம், இலுப்பை போன்ற உண்ணா எண்ணெய்களைச் சோப்புக்குத் திருப்புவதை ஆணையம் தன் திட்டங்களுள் ஒன்றாகவே மேற்கொண்டது. அடுப்பங்கரைக்குரிய எண்ணெயைக் குளியலறையில் செலவிடாதிருத்தல் என்னும் இக்கொள்கை எளிய குடும்பங்களுக்கு இன்றும் பொருந்தும்.

காரத்தின் கணக்கு

ஒவ்வோர் எண்ணெயையும் முழுவதும் சோப்பாக்கத் தேவையான எரிசோடா வேறுபடும். ஒரு கிராம் எண்ணெய்க்கு வேண்டிய தூய எரிசோடாவின் அளவு பின்வருமாறு:

தேங்காயெண்ணெய் — 0.183 கிராம்
பாமாயில் — 0.142 கிராம்
தவிட்டெண்ணெய் — 0.133 கிராம்
ஆமணக்கெண்ணெய் — 0.128 கிராம்

இவை சராசரி மதிப்புகள். எண்ணெயின் விளைநிலத்தையும் பதத்தையும் பொறுத்துச் சிறிது மாறும். அம்மாற்றத்தை ஈடுசெய்யவும், தோலுக்கு மென்மை தரவும், கணக்கிட்டு வந்த எரிசோடாவில் நூற்றுக்கு 5 பங்கைக் குறைத்தே இடுவது வழக்கம். அப்பொழுது சிறிதளவு எண்ணெய் சோப்பாகாது எஞ்சி நிற்கும். இதுவே பயில்வோரின் காப்பு எல்லை.

ஒரு கிலோகிராம் எண்ணெய்க்கு எடுத்துக்காட்டு: தேங்காயெண்ணெய் 300 கிராம், பாமாயில் 400 கிராம், தவிட்டெண்ணெய் 220 கிராம், ஆமணக்கெண்ணெய் 80 கிராம். இவற்றுக்குரிய எரிசோடா முறையே 54.9, 56.8, 29.3, 10.2 கிராம், கூடுதல் 151.2 கிராம். இதில் 5 பங்கு குறைக்க 143.6 கிராம் ஆகும். இது தூய எரிசோடாவின் அளவு. கடையில் வாங்கும் செதிலின் தூய்மை உறையில் குறிக்கப்பட்டிருக்கும். அது நூற்றுக்கு 97 எனின், 143.6-ஐ 0.97-ஆல் வகுத்து 148 கிராம் எடுக்கவேண்டும். நீர் 290 கிராம்.

இக்கணக்கில் நேரும் பிழைகள் மூன்று. மூன்றிலும் ஆமணக்கெண்ணெய்க்குத் தொடர்புண்டு. மூன்றும் தோலைப் புண்ணாக்கவல்லன.

ஒன்று, எண்ணெயை மாற்றிவிட்டுக் காரத்தை மாற்றாதிருத்தல். தேங்காயெண்ணெய் விலை ஏறியதென்று அதில் 200 கிராமைக் குறைத்து, அவ்வளவு ஆமணக்கெண்ணெயைக் கூட்டினால், தேவைப்படும் எரிசோடா 151.2-இலிருந்து 140.2 கிராமாக இறங்கிவிடும். பழைய அளவாகிய 143.6 கிராமையே இட்டால் 3.4 கிராம் எரிசோடா செயலற்று எஞ்சும். காப்பு எல்லை முழுவதும் அழிந்து, சோப்பே புண்ணுண்டாக்கும் பொருளாகிவிடும்.

இரண்டு, எடை போடாமல் தம்ளரால் அளத்தல். மேற்கண்ட எண்களைக் கிராமுக்குப் பதிலாக மில்லிலிட்டராகக் கொண்டு எண்ணெயை அளந்தால், நான்கு எண்ணெய்களும் சேர்ந்து 920 கிராம் அளவே நிற்கும். எரிசோடாவை மட்டும் 143.6 கிராம் நிறுத்து இட்டால் ஏறக்குறைய 5 கிராம் மிகையாகும். கனமான ஆமணக்கெண்ணெயும் இலேசான பிற எண்ணெய்களும் ஒரே தம்ளரில் ஒரே எடை காட்டா. ஆகவே எண்ணெய், நீர், எரிசோடா ஆகிய அனைத்தையும் ஒரு கிராம் வரை நுட்பமாகக் காட்டும் தராசில் நிறுத்தே எடுக்கவேண்டும்.

மூன்று, பெயரால் ஏமாறுதல். விளக்கெண்ணெய் என்று கேட்பவருக்குப் பூசைக் கடையில் விளக்கேற்றும் எண்ணெய் என்னும் கலவையைக் கொடுத்துவிடுவது உண்டு. அத்தகைய கலவைகளில் சிலவற்றில் கனிம எண்ணெயும் நறுமணமும் சேர்ந்திருக்கும். கனிம எண்ணெய் சோப்பாவதே இல்லை. 80 கிராம் ஆமணக்கெண்ணெய்க்குப் பதிலாக முற்றும் கனிம எண்ணெயே சேர்ந்துவிட்டால் 2.7 கிராம் எரிசோடா மிகையாக நின்றுவிடும்.

கலப்படத்தைக் கண்டறிதல்

இதற்குப் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே ஓர் எளிய சோதனை உண்டு. உலர்ந்த சோதனைக் குழாயில் ஒரு பங்கு எண்ணெயும், நூற்றுக்கு 95 பங்குள்ள எதில் சாராயம் மூன்று பங்கும் இட்டுக் குலுக்கவேண்டும். தூய ஆமணக்கெண்ணெயாயின் கலவை தெளிவாகக் கரைந்து நிற்கும். கனிம எண்ணெயோ பிற தாவர எண்ணெயோ கணிசமாகக் கலந்திருந்தால் கலங்கி, பின்னர் இரண்டு படலங்களாகப் பிரியும். சாராயம் தீப்பற்றக்கூடியதாகையால் அருகில் சுடர் இருத்தல் ஆகாது. ஆமணக்கெண்ணெய்க்கு ஐ.எஸ். 435 என்னும் இந்தியத் தரநிர்ணயம் உண்டு. தரக்குறிப்புள்ள புட்டியை வாங்குவதும், நறுமணமிட்ட தலைமுடித் தைலங்களைத் தவிர்ப்பதும் அறிவுடைமை.

மாதுங்காவில் எண்ணெய்களுக்கும் பரப்பியங்கிகளுக்குமெனத் தனித்துறை கொண்ட உயர்கல்வி நிறுவனம் ஒன்று உள்ளது. 1933-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் இரசாயனத் தொழில்நுட்பத் துறையாகத் தொடங்கி, 2008-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகிய இரசாயனத் தொழில்நுட்ப நிறுவனமே அது. தாராவியிலிருந்து நடந்தே சென்றடையக்கூடிய தொலைவில் அந்நிறுவனம் உள்ளது. மாதுங்கா, செம்பூர் வட்டாரங்களில் மேல்வகுப்பு அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர்கள், ஒரு தொழிலின் இரு முனைகளாகிய சந்துக் கூடத்தையும் ஆராய்ச்சிக் கூடத்தையும் மாணவர் மனத்தில் இணைத்துக் காட்டுதற்கு இஃது ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

இடமும் பாத்திரமும் காப்பும்

தாராவியில் பல குடும்பங்கள் ஓர் அறையிலேயே சமைத்து, உண்டு, உறங்குகின்றன. அத்தகைய அறையில், குழந்தைகள் விளையாடும் வேளையில் எரிசோடாவைக் கரைக்க அனுமதித்தல் கூடாது. சமூகக் கூடம், பள்ளி முற்றம் போன்ற காற்றோட்டமுள்ள பொது இடத்தில் குழுவாகச் செய்வதே தக்கது. எரிசோடாவைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், பெயரெழுதிப் பூட்டி வைக்கவேண்டும். பழைய தண்ணீர்ப் புட்டியிலோ குளிர்பானப் புட்டியிலோ காரநீரை ஊற்றி வைப்பது பெருங்கேடு.

கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, மூடிய காலணி ஆகியவை கட்டாயம். பாத்திரம் எவர்சில்வராகவோ, காரத்தையும் சூட்டையும் தாங்கும் பிளாஸ்டிக்காகவோ இருக்கலாம். அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது. எரிசோடா அலுமினியத்தை அரித்து, தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். சோப்புக்கென ஒதுக்கிய பாத்திரத்தை மீண்டும் சமையலுக்கு எடுத்தலும் கூடாது.

எரிசோடாவையே நீரில் சிறிது சிறிதாக இடவேண்டும். எரிசோடாவின்மேல் நீரை ஊற்றலாகாது. ஊற்றினால் ஒரே இடத்தில் சூடு திரண்டு கொதித்துத் தெறிக்கும். தோலில் பட்டால் உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவவேண்டும். வினிகர் தடவுதல் வேண்டா. கண்ணில் பட்டால் இமையைத் திறந்து குறைந்தது 20 நிமிடம் நீரால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஏற்பாடு செய்யவேண்டும். தவறி விழுங்கினால் வாந்தியெடுக்கச் செய்யாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும்.

செய்முறை

எரிசோடாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து, அது ஏறக்குறைய 40 பாகை சென்டிகிரேடு வரை ஆறும்படி வைக்கவேண்டும். மாநகராட்சிக் குழாய்நீர் ஏரிகளிலிருந்து வருவது. ஆகையால் பெரும்பாலும் அது போதும். கிணற்று நீரோ ஆழ்துளை நீரோ கடினமாயிருக்கக்கூடுமாதலால் காய்ச்சி வடித்த நீர் கொள்வது சிறந்தது.

தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 25 பாகையில் உருகுவது. மும்பையின் வெப்பத்தில் பெரும்பாலும் அது இளகியே இருக்கும். பாமாயில் பாதி உறைந்திருக்குமாயின் இளஞ்சூட்டில் முழுவதும் உருக்கவேண்டும். ஆமணக்கெண்ணெய் குழகுழப்பானதால் பாத்திரத்தின் அடியில் தங்கிவிடும். ஆகவே காரநீரைச் சேர்க்குமுன் அதனைப் பிற எண்ணெய்களுடன் இளஞ்சூட்டில் நன்கு கலந்துவிடவேண்டும். நிறுத்த கிண்ணத்தில் ஒட்டிய எண்ணெயையும் வழித்துச் சேர்த்தல் வேண்டும்.

எண்ணெயும் காரநீரும் 40 பாகை அளவில் இருக்கையில், காரநீரை எண்ணெயில் மெல்லிய தாரையாக ஊற்றிக் கலக்கவேண்டும். கலவை மெல்ல மெல்லத் தடித்து, கரண்டியால் எடுத்து ஊற்றினால் மேற்பரப்பில் கோடு பதியும் நிலை அடையும். அதுவே பதம். ஆமணக்கெண்ணெய் சேர்ந்த கலவை இப்பதத்தை விரைவில் அடையும் இயல்புடையது. மின்கலக்கியைப் பயன்படுத்துவோர் சில விநாடி ஓட்டிச் சில விநாடி நிறுத்திச் செய்யவேண்டும். இல்லையேல் அச்சில் ஊற்றுமுன்னரே இறுகிவிடும். பதம் வந்ததும் அச்சில் வார்த்து மூடி, ஒருநாள் அசையாது வைக்கவேண்டும். பின்னர்க் கையுறையுடன் எடுத்து வெட்டி, தட்டில் இடைவெளிவிட்டு அடுக்கி, நிழலில் காற்றோட்டமாக 4 முதல் 6 வாரம் உலரவிடவேண்டும். மழைக்காலத்தில் இன்னும் சில வாரங்கள் தேவைப்படலாம். உலர்ந்தால்தான் கட்டி கடினப்பட்டு நீண்டநாள் உழைக்கும்.

கட்டியின் மேல் மெல்லிய வெண்பொடி படிந்தால் அது சோடியம் கார்பனேட்டாகும், வழித்துவிடலாம். கட்டிக்குள் நீர்த்துளிகள் தேங்கி, தொட்டால் எரிச்சல் தந்தால் கலவை சரியாகச் சேரவில்லை என்பது பொருள், அதனைப் பயன்படுத்தலாகாது.

சோதனை

புதிதாக வெட்டிய உலர்ந்த பரப்பில் சாராயத்தில் கரைத்த பீனால்ப்தலீனை ஒரு துளி இடவேண்டும். நிறம் தோன்றாவிடின், அல்லது மிக மெல்லிய இளஞ்சிவப்பே தோன்றின், எஞ்சிய காரம் இல்லையெனக் கொள்ளலாம். ஆழ்ந்த செந்நிறம் தோன்றினால் சோப்பை ஒதுக்கிவிடவேண்டும். சோப்பை நாவில் வைத்துப் பார்க்கும் பழைய வழக்கத்தை மாணவரிடம் ஊக்குவித்தல் கூடாது. சோப்பு இயல்பாகவே சிறிது காரத்தன்மை உடையதாகையால், நீரில் கரைத்துப் பார்த்தால் எஞ்சிய காரம் இல்லாத சோப்பும் இளஞ்சிவப்புக் காட்டும். வேறுபாடு புரியாமல் நல்ல சோப்பைக் கெட்டதென்று கூறிவிடலாகாது.

பள்ளியில் ஒப்புநோக்குச் சோதனை

ஆசிரியர் தாமே காரநீரைக் கையாண்டு மூன்று சிறு கட்டிகள் செய்துவைக்கலாம். ஒவ்வொன்றிலும் 500 கிராம் எண்ணெய். மூன்றிலும் தேங்காயெண்ணெய் 150 கிராம், பாமாயில் 200 கிராம் பொது. முதற்கட்டியில் எஞ்சிய 150 கிராமும் தவிட்டெண்ணெய். இரண்டாவதில் தவிட்டெண்ணெய் 110, ஆமணக்கெண்ணெய் 40 கிராம். மூன்றாவதில் தவிட்டெண்ணெய் 25, ஆமணக்கெண்ணெய் 125 கிராம். 5 பங்கு குறைத்த எரிசோடாவின் அளவை மாணவரே கணக்கிடவேண்டும். விடை முறையே 72.0, 71.8, 71.4 கிராம்.

ஆறு வாரம் உலர்ந்தபின் ஒவ்வொன்றிலும் ஒரு கிராம் சீவி, 100 மில்லிலிட்டர் நீரில் கரைக்கவேண்டும். அக்கரைசலில் 20 மில்லிலிட்டரை அளவுகோடிட்ட மூடிய குழாயில் இட்டு, ஒரே விதமாக 20 முறை குலுக்கி, நுரையின் உயரத்தை உடனேயும் 5 நிமிடம் கழித்தும் குறிக்கவேண்டும். இரு அளவுகளின் வேறுபாடே நுரை அடங்கும் வேகம். பின்னர் மூன்று கட்டிகளையும் ஈரத்தட்டில் ஒருநாள் வைத்து, நிறுத்து, கரைந்த அளவையும் ஒப்பிடலாம். இரண்டாம் கட்டி நுரையைத் தாங்குவதிலும் உறுதியிலும் நடுநிலை காட்டுவதையும், மூன்றாவது இளகிக் கரைவதையும் மாணவர் கண்ணாரக் காண்பர். சிறிதளவு சேர்ப்பது ஏன் நல்லது, பெருமளவு சேர்ப்பது ஏன் தீது என்பதனைப் பல பக்கம் படிப்பதைவிட இச்சோதனை தெளிவாகப் பதியவைக்கும்.

விற்பனைக்குச் செய்வோர் அறியவேண்டியவை

வீட்டுக்கு மட்டும் செய்வோர் காப்பு முறைகளைக் கடைப்பிடித்தால் போதும். குழுவாகச் செய்து விற்க முற்படுவோருக்குச் சட்டக் கடமையும் உண்டு. 1940-ஆம் ஆண்டு மருந்துகள் அழகுப்பொருள்கள் சட்டத்தின் அழகுப்பொருள் விளக்கத்திலிருந்து சோப்பு முன்பு விலக்கப்பட்டிருந்தது. 1982-இன் திருத்தம் அவ்விலக்கை நீக்கிற்று. ஆகவே 2020-ஆம் ஆண்டின் அழகுப்பொருள் விதிகளின்படி உற்பத்தி உரிமம் பெறவேண்டும். மகாராஷ்டிரத்தில் இதற்குரிய அதிகாரி மாநில உணவு மற்றும் மருந்து நிர்வாகமாகும். உரிமத்துக்கு முன்னரே ஒவ்வொரு தொகுதிக்கும் நாள், எண்ணெய் எடைகள், எரிசோடாவின் தூய்மையும் எடையும், சோதனை முடிவு ஆகியவற்றை ஏட்டில் எழுதும் பழக்கத்தைக் குழுவினரிடம் ஏற்படுத்துவது களப்பணியாளரின் கடமை. எவரேனும் தோல் எரிச்சல் என்று வந்து சொன்னால், அவ்வேட்டைப் புரட்டியே காரணத்தைக் காணமுடியும்.

சுருக்கம்

1. ஆமணக்கெண்ணெய் நுரையைப் பிறப்பிப்பதைவிடத் தாங்கி நிற்பதற்கே உதவுகிறது; 5 முதல் 10 பங்கு போதும்; மழைக்காலத்தில் அதனினும் குறைவு.

2. ஒரு கிராமுக்கு அதற்கு வேண்டிய எரிசோடா 0.128 கிராம். எண்ணெயை மாற்றினால் காரத்தை மறுபடி கணக்கிடவேண்டும்.

3. எல்லாவற்றையும் நிறுத்தே எடுக்கவேண்டும். அளந்து எடுத்தல் கூடாது.

4. விளக்கேற்றும் கலவை எண்ணெய் வேறு, ஆமணக்கெண்ணெய் வேறு. ஐயமிருப்பின் சாராயச் சோதனை செய்யவேண்டும்.

5. எரிசோடாவை நீரில் இடவேண்டும்; அலுமினியம் ஆகாது; குழந்தைகள் அருகில் இருத்தல் ஆகாது.

பயிற்சி வினாக்கள்

1. தேங்காயெண்ணெய் 350 கிராம், பாமாயில் 600 கிராம், ஆமணக்கெண்ணெய் 50 கிராம் கொண்ட கலவைக்கு 5 பங்கு குறைத்த தூய எரிசோடா எவ்வளவு? (விடை: 147.9 கிராம்)

2. மேற்கண்ட அளவுக்கு, நூற்றுக்கு 96 தூய்மையுள்ள செதில் எவ்வளவு எடுக்கவேண்டும்? (விடை: ஏறக்குறைய 154 கிராம்)

3. ஆமணக்கெண்ணெய் சாராயத்தில் கரைவதற்கும் அதன் சோப்பு நீரில் எளிதாகக் கரைவதற்கும் பொதுவான காரணம் யாது?